அந்தோனியார் காலடியில் இருபத்தைந்து மாவட்டங்கள்

ஒழுங்கான மனிதர்கள் செய்யும் முட்டாள்தனம்கூட மிக ஒழுங்காகவே நடக்கும். முப்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதும் நான், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் "மழை இல்லை" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அன்று நடந்தது இது.

இலங்கையில் மாவட்டத்துக்கு ஒன்றாக வெளிவந்த இருபத்தைந்து பத்து ரூபாய் நினைவு நாணயங்களும் என்னிடம் கீறல் விழாமல் இருந்தன. கண்டியின் ஈரக்காற்றுக்குப் பயந்து, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளோடு அலுமாரியில் வைத்திருந்தேன். கையுறை இல்லாமல் தொட்டதே இல்லை. (கல்யாணத்தன்று தன் கையை வெறுங்கையால் பிடித்தேன் என்பதை என் மனைவி ஸ்டெல்லா இன்றும் ஒரு சலுகையாகவே சொல்வாள்.)

எங்கள் குண்டசாலைக் கோயில் திருவிழாவில், பங்கு மக்கள் தங்கள் சேகரிப்புகளைக் கோயில் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்று பங்குக் குருவான சுவாமி அறிவித்தார். தச்சரிடம் ஒரு தட்டு செய்வித்தேன். சிவப்பு வெல்வெட், இருபத்தைந்து பள்ளங்கள், மேலே கண்ணாடி. மண்டபச் சுவரில் ஈரம் கசிந்தது. ஆகவே கோயில் வாசலில், அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே மேசை போட அனுமதி வாங்கினேன். அங்கே கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. அதையும் கழற்றினேன். (சுரூபத்தின் காலடியில் திறந்த தட்டில் காசு இருந்தால் கத்தோலிக்கர் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நானும் கத்தோலிக்கன்தான்.)

விளக்க அட்டைகளில் ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீற்றர் சாய்வாக இருந்தது. திருத்துவதற்காக எல்லா அட்டைகளையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்டெல்லாவின் தம்பி அன்டனைக் காவலுக்கு நிறுத்தினேன்.

"ஒருத்தரும் ஒரு காசு எடுக்கக் கூடாது. விளங்குதா?"

"நீங்க போயிட்டு வாங்க அத்தான். நான் பாத்துக்கிறேன்."

திரும்பி வந்தபோது பூசை முடிந்திருந்தது. தட்டில் வெல்வெட் மட்டும் இருந்தது.

"அன்டன், காசு எங்க?"

"ஒருத்தரும் எடுக்கல அத்தான். எல்லாரும் போட்டாங்கதான். தட்டு நெறஞ்சு வழிஞ்சிருச்சு."

"நீ ஒன்னும் சொல்லலயா?"

"காணிக்கை போடுறவங்கள வேணாம்னு சொல்ல ஏலுமா? நானும் இருபது ரூபா போட்டேன்."

கோயிலைப் பராமரிக்கும் மரியான் அண்ணன் வழக்கப்படி தட்டைக் காணிக்கைப் பையில் கவிழ்த்திருந்தார். சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை என் முன்னால் கொட்டினார். தரையில் உட்கார்ந்து, கையுறை போட்டு, பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு பத்து ரூபாயாகப் புரட்டினேன்.

"முழுக் கோயிலும் தொட்ட காசுக்கு இப்ப எதுக்கு கையுறை?" என்றாள் ஸ்டெல்லா.

கழற்றினேன். இருபத்துநான்கு மாவட்டங்கள் கிடைத்தன, கீறல்களோடு. கண்டி இல்லை.

"அப்பக் கடை அக்காவுக்குக் கொஞ்சம் சில்லறை மாத்திக் குடுத்தேன், சேர்," என்றார் மரியான் அண்ணன் தயங்கியபடி.

வெளியே கடைக்கு ஓடினேன். காசுப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது. ஓர் அப்பம் வாங்கி மீதிச் சில்லறையைப் பார்த்தேன். இன்னொன்று வாங்கினேன். ஏழாவது அப்பத்தில் அந்த அக்கா, "சேருக்கு வீட்டுல சாப்பாடு இல்லயா?" என்று பரிதாபமாகக் கேட்டு, எட்டாவதை இலவசமாகவே தந்தார். இலவசத்துக்கு மீதிச் சில்லறை இல்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பழைய கண்டி நாணயம் ஒன்றை வாங்கி அந்தப் பள்ளத்தை நிரப்பலாம். ஆனால் புழக்கத்தில் தேய்ந்ததை அங்கே வைக்க மனம் வரவில்லை. மற்ற இருபத்துநான்கும் அப்படித்தான் ஆகிவிட்டன என்பதை ஸ்டெல்லா அடிக்கடி நினைவூட்டுகிறாள்.

வத்தேகமவிலிருந்து அவளுடைய அக்கா தொலைபேசி எடுத்தால் முதலில் சுகம் விசாரிப்பதில்லை. "என்ன தம்பி, கண்டி கெடச்சிருச்சா?" என்றுதான் கேட்பார். கண்டி மாவட்டத்துக்குள் நின்றுகொண்டே, "இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன் அக்கா," என்கிறேன்.