நார்வேயில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

"நார்வேயில நமக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. அதுக்குத்தான் போறேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? யாருமில்லாத ஊருக்குப் போயி என்ன பண்ணுவ?"

"சும்மா ஒக்காந்திருப்பேன்."

"அத இங்கயே ஒக்காரேன்!"

"இங்கயா?" என்று ஜஹபர் நிஷா தன் கணவரிடம் கத்தியதும், எவர்சில்வர் பாத்திரம் ஒன்று தரையில் விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. விழுந்ததா, போட்டதா என்பதில் எங்கள் தெருவில் இன்றுவரை இரண்டு கருத்துகள் உண்டு.

மனிதகுல வரலாற்றில் ஒரு குடும்பத்தின் சுற்றுலாவுக்காக ஒரு தெருவே ஊண் உறக்கமின்றி உழைத்தது என்றால், அது புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் தெருதான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எதிர்வீட்டுக்காரி, தெரு நலச்சங்கத்தின் 'மகளிர் ஒருங்கிணைப்பாளர்'. அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னலோரம் போய் நின்றால் அது தானாக வந்து காதில் விழும்.

நிஷாவின் கணவர் அக்பர் அலி ஸ்கிரீன் துணிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் ஜன்னலையெல்லாம் மூடிக் கொடுக்கிற மனுஷர், தன் வீட்டு வாசலை மட்டும் மூடியதே இல்லை. யார் வந்தாலும் "நிஷா, சோத்தப் போடு" என்பார். வீட்டில் விடுமுறை என்றால் காரைக்காலில் அக்காள் வீடு. பெரிய விடுமுறை என்றால் பிரான்சில் அண்ணன் வீடு. இரண்டு ஊரிலும் நிஷாவுக்கு ஒதுக்கப்பட்ட சுற்றுலாத் தலம் ஒன்றே: அடுப்படி.

பிரான்சு விஷயத்தை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் மேல்தான் விழ வேண்டும். எல்லா வீட்டுக்கும் அங்கே ஓர் ஆள் உண்டு. ஆகவே பாரீசுக்கு டிக்கெட் எடுத்தவருடைய பெட்டி அந்த நிமிஷமே பொதுச்சொத்தாகிவிடும். ஒரு வீட்டுக் கருவாடு, இன்னொரு வீட்டு வத்தல், யாருக்கோ தைத்த ஜாக்கெட். எல்லாவற்றையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கங்கே சாப்பிட்டு, பதிலுக்கு அவர்களைக் கூப்பிட்டுச் சமைத்துப் போட்டால்தான் பயணம் 'நிறைவு' பெறும். நிஷாவும் ஈபிள் கோபுரத்தைப் பார்த்திருக்கிறாள். கார் கண்ணாடி வழியாக. மடியில் இஞ்சிப்பூண்டு விழுது.

அப்பேர்ப்பட்ட நிஷாவுக்குப் பிறந்த வீட்டு மனையை விற்ற பணத்தில் பங்கு வந்தது. மகள் அரீபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் தேடினாள். நம்மாள் ஒருத்தர்கூட இல்லாத நாடு. நார்வே அகப்பட்டது. வடக்கே ட்ரோம்சோ என்ற ஊருக்கு வெளியே, கடலோரம் ஒரு மரவீடு. அடுத்த வீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. புக் செய்துவிட்டாள். அன்றைக்குத்தான் அந்தப் பாத்திரம் விழுந்தது.

சங்கம் அவசரமாகக் கூடியது. பொருள்: 'திருமதி ஜஹபர் நிஷா அவர்களின் நார்வே பயணம்: ஆதரவும் ஆலோசனையும்.' செயலாளர் இளஞ்செழியன் தலைமை வகித்தார். காரணங்களைச் சொல்லும்படி நிஷாவிடம் அன்புடன் கேட்டுக்கொண்டோம்.

"அங்க பஸ்ஸுல எடமிருந்தா ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் வந்து ஒக்காரமாட்டாங்களாம் சார்."

"அடப்பாவமே, எதுனா தகராறா?" என்றாள் சங்க உறுப்பினர் அமுதவல்லி.

"தகராறில்லக்கா. மரியாதையாம். சொல்லாம கொள்ளாம யார் வீட்டுக்கும் போவமாட்டாங்களாம்."

"போனா?"

"போவமாட்டாங்க."

"இன்னைக்கு என்ன கொழம்புன்னாவது கேப்பாங்க இல்ல?" என்றேன்.

"கேக்கமாட்டாங்கக்கா."

"ராத்திரியில கூட சூரியன் மறையாதாமே?" என்றார் பொருளாளர் கொளஞ்சி.

"ஜூன் மாசத்துல மறையாதுங்க. அந்த வெளிச்சத்துல கடலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். பத்து நாளு 'நிஷா'ன்னு என்னை யாரும் கூப்புடக் கூடாது. அவ்ளோதான் சார். வேற ஒண்ணும் வேணாம்."

அவள் எழுந்து போனதும் இளஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா மனசு விட்டுப் போயிருக்காங்க. இந்த நெலமையில அவங்கள அநாதையா உட்றது சங்கத்துக்கு அழகில்ல."

நார்வேயில் உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்துத் தருவது எனத் தீர்மானித்தோம். வாட்ஸ்அப்பில் செய்தி கிளம்பியது. அரியாங்குப்பம் போய், காரைக்கால் தொட்டு, பாரீசில் இறங்கி, மறுநாள் காலை காபிக்குள் பதிலோடு திரும்பி வந்துவிட்டது. உலகிலேயே காலியாக இருந்த ஒரே நாட்டிலும் ஆள் இருந்தான்! பெயர் ஜாகிர். அக்பர் அலிக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகன். அதே ட்ரோம்சோவில் படிக்கிறான். நாங்கள் அத்தனை பேரும் சூழ்ந்து நிற்க, போனில் அவன் முகம் தெரிந்தது.

"மாமி! வீடு புக் பண்ணிட்டீங்களாமே, எதுக்கு? கேன்சல் பண்ணுங்க மொதல்ல. நம்ம ரூமு இருக்குதே! ஆறு பேருதான் இருக்கோம்."

"ஆறு பேரா?" என்றாள் நிஷா.

"எல்லாம் நம்ம பசங்கதான் மாமி. பிரியாணி தின்னு ரெண்டு வருஷமாவுது."

அக்பர் அலி அங்கேயே, எங்கள் கண் முன்னாலேயே, மரவீட்டை ரத்து செய்தார். "பாத்தியா? யாருமில்ல யாருமில்லன்ன! அல்லா எவ்ளோ பெரியவன்!"

நிஷா என் பக்கம் திரும்பினாள். "யாருக்கா தேடுனது?"

"நம்ம சங்கந்தான்" என்றேன் அடக்கமாக.

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நன்றி அளவு மீறினால் பேச்சு வராது.

ஜூன் மாதம் நிஷா, அக்பர் அலி, அரீபா மூவரும் கிளம்பினார்கள். ஜாகிருக்கென்று எங்கள் தெரு கொடுத்தனுப்பிய பொடி வகைகளால் பெட்டியில் நிஷாவின் ஸ்வெட்டருக்கு இடமில்லாமல் போனது. கோடைதானே என்று சமாதானம் சொன்னோம். படங்கள் தினமும் வந்தன. ஒரு படத்தில் நிஷா அடுப்பின் முன்னால் நிற்கிறாள். பின்னால் இருக்கும் ஜன்னலில் பனிமலை தெரியுமாம். குக்கர் ஆவியில் கண்ணாடி மங்கிவிட்டதால் படத்தில் விழவில்லை.

அந்த மறையாத சூரியன் இருக்கிறதே, அதுதான் பெரிய வரப்பிரசாதம். நம் ஆட்களுக்கு இருட்டினால்தான் வீட்டு ஞாபகம் வரும். அங்கே இருட்டவே இல்லை. ஆகவே ஜாகிரின் நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் வந்தார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஊரே 'மாமி, மாமி' என்றது. அவள் விரும்பியபடியே 'நிஷா' என்று அக்பர் அலியைத் தவிர வேறு யாரும் கூப்பிடவில்லை என்பதைச் சங்கத்தின் சார்பில் பதிவு செய்கிறேன்.

திரும்பி வந்தவளைத் தெருமுனையிலேயே மடக்கினோம்.

"எப்டி இருந்திச்சி நார்வே?"

"வெளிச்சமா இருந்திச்சி" என்றாள்.

அடுத்த மாதமே ஜாகிர் வீட்டிலிருந்து அரீபாவைப் பெண் கேட்டு வந்தார்கள். "அந்த சமையக்கட்ட நான் பாத்துட்டேன் அத்தா, வேணாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள் அவள். பிறகு ஒரு தரகர் எங்கள் ஊரிலேயே உப்பளம் பகுதி மாப்பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார். அஃப்னான் என்று பெயர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கமான புள்ள. ஒரே ஒரு கொறதான். அத்தா அம்மா தவறிட்டாங்க. கூடப்பொறந்தவங்க, மாமன், மச்சான்னு யாருமே கெடையாது."

தேத்தண்ணி வருவதற்கு முன்பே அரீபா சம்மதம் சொல்லிவிட்டாள். நிஷா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து அரீபா உப்பளம் போனாள். "ஒரு வாரம் கூட இருந்துட்டு வர்றேங்க" என்று நிஷாவும் போனாள். மாதங்கள் ஓடிவிட்டன. அக்பர் அலி ஓட்டலில் சாப்பிடுகிறார். வருகிற சொந்தக்காரர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். போன வாரம் உப்பளம் பக்கம் போன எங்கள் தெரு அன்னக்கிளி, மூன்றாவது மாடி பால்கனியில் நிஷா உட்கார்ந்திருந்ததைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறாள். என்ன செய்துகொண்டிருந்தாள் என்று விசாரித்தேன். ஒன்றுமே செய்யவில்லையாம்.

அன்று மாலையே சங்கம் கூடியது. அந்தப் பெண்ணின் தனிமையைப் போக்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் தெருவே கிளம்புகிறது. காரைக்கால் அக்காள் குடும்பமும் வருகிறது. விடுமுறையில் வந்திருக்கும் ஜாகிர் நண்பர்களோடு வருகிறான். முன்னதாகச் சொன்னால் 'உங்களுக்கு எதுக்கு செரமம்' என்பாள், அவ்வளவு பண்பானவள். ஆகவே சொல்லவில்லை.

"அது சரி, அவ்ளோ பேருக்கும் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார் கொளஞ்சி.

"அதான் நிஷா இருக்குதே" என்றார் இளஞ்செழியன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.