இறங்க மறுத்த லாரி டிரைவர்

தொலைக்காட்சியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அந்த லாரி டிரைவர் அடம்பிடித்தார்.

உதட்டில் சாயம், தலையில் தேன்நிறப் பொய்முடி, தோளைச் சுற்றிச் சிவப்பு இறகு, இடுப்பில் கிடார். திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றார். கீழே 'தொடர்ந்து பார்க்க' என்று அழைப்பு வேறு.

ஸ்கேலுக்கு வியர்த்துக் கொட்டியது. வரித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றாலும் உட்கார்ந்தாலும் முதுகு வளையாது என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. வீட்டுக்குள் அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. குடும்ப மானம்தான் அவருக்கு முதல்; உயிரெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அந்த மானத்துக்குத்தான் இன்று சோதனை. மகளைக் கேட்டிருக்கும் பையனின் அப்பாவும் அம்மாவும் நாலு மணிக்கு இரண்டாம் முறையாக வருகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையன் இதே திரையில் தோன்றி எல்லோரோடும் பேசுவதாக ஏற்பாடு. திரையைத் திறந்தால் மாப்பிள்ளைக்கு முன்னால் டிரைவர் வந்து நிற்கிறார்.

எல்லாம் நேற்று மத்தியானத்து வினை. மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். செய்தி பார்க்க உட்கார்ந்தவர் ஏதோ பொத்தானை அழுத்த, படம் ஓட ஆரம்பித்துவிட்டது. பகலில் லாரி ஓட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் பெண்வேடம் கட்டி, மூடிக்கிடக்கும் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் பாடுகிற ஒருவரின் கதை.

"சீ, கருமம்!" என்று அணைக்கப் போனார். அதற்குள் டிரம்ஸ் முழங்கியது. தன்னை வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவை நினைத்து டிரைவர் ஒரு பாட்டுப் பாடினார். பாட்டு முடிவதற்குள் ஸ்கேலின் மூக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது. படம் முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டார். இரண்டாம் தடவை கடைசிப் பாட்டு வரும் நேரத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்க, அவசரமாக அணைத்தார். அந்த அரைகுறைதான் இன்று பல்லை இளிக்கிறது.

ஒழித்துக்கட்டும் வழி தெரியாமல், படத்தின் பக்கத்தில் இருந்த இதயக் குறியை அழுத்தினார். இதயத்தை அழுத்தினால் ஆளை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ. 'உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி! இவையும் பிடிக்கும்' என்று டிரைவருக்குத் துணையாக இன்னும் ஒரு பட்டாளம் பொய்முடியோடு வந்து வரிசைகட்டியது.

வேறு வழியில்லாமல் டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"யார் சார் பார்த்தது?"

"யாரோ சின்னப் பசங்க."

மெக்கானிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த வீட்டிலேயே சின்னப் பசங்க என்றால் முப்பதை நெருங்கும் மகள் ஒருத்திதான்.

"ரசனையான பசங்க சார். ரிலீஸ் ஆன வாரமே பெட்டியைக் கட்டின படம் இது. இப்ப இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. வருஷா வருஷம் தியேட்டர் எடுத்து, சிவப்பு இறகு சுத்திக்கிட்டுப் போய், எழுந்து நின்னு கூடவே பாடுறாங்க."

"படத்தைப் பத்திக் கேட்டேனா? இதைத் தூக்க முடியுமா முடியாதா?"

"முழுசா ஓடி முடிஞ்சா தானா போயிடும் சார். ஒரு பாட்டுதானே பாக்கி? சத்தத்தை நிறுத்திட்டு ஓட விடறேன். நிம்மதியா இருங்க."

மெக்கானிக் படியிறங்கியதும் நிம்மதியும் கூடவே இறங்கிப் போய்விட்டது. வாசலில் பையனின் அப்பாவும் அம்மாவும். ஒரு மணி நேரம் முன்னதாக!

ஸ்கேல் ஒரே தாவலில் திரைக்கு முன்னால் போய், இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, தன் உடம்பால் முடிந்த அளவுக்கு மறைத்தார். அவர் தோளுக்கு மேலே இறகு மட்டும் ஆடியது.

"வாங்க, வாங்க. உட்காருங்க."

"நீங்க?"

"நிக்கிறதுதான் எனக்கு உடம்புக்கு நல்லது."

இருவரும் சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். மகள் கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடவில்லை.

"பையன் லைன்ல வர்றதுக்குள்ள ஒரு விஷயம் பேசிடலாம்னுதான்..." என்று ஆரம்பித்த பையனின் அப்பா, மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து வந்த ஸ்கேலின் மனைவி திரையைக் கண்டு திடுக்கிட்டாள். "ஏங்க, என்ன கண்றாவிங்க இது!" என்று ரிமோட்டை எடுத்து அணைக்கப் போனவள் அழுத்தியது வேறு பொத்தான். நின்றிருந்த சத்தம் கூடம் அதிரத் திரும்பி வந்தது.

கடைசிப் பாட்டு.

ஸ்கேல் அசையவில்லை. ஆனால் அவர் வலது கால் அவரைக் கேட்காமல் தாளம் போட்டது. டிரைவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், அடுத்த வரியை ஸ்கேலின் உதடுகள் முந்திக்கொண்டன. பையனின் அப்பா கண்ணை அகல விரித்தார்.

"நான்தாங்க பார்த்தேன்" என்று பாய்ந்தாள் மனைவி. "பொழுது போகாம..."

"அம்மா இல்ல அத்தை, நான்தான்" என்றாள் மகள்.

ஸ்கேல் இருவரையும் பார்த்தார். பெண்டாட்டி, பிள்ளையின் தலைமேல் ஏறி நின்று காப்பாற்றுவதற்குப் பெயர் மானமா?

"ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க" என்றார் உரக்க. "பார்த்தது நான். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அழுதேன். இன்னொரு தடவை போட்டாலும் அழுவேன். எதுவா இருந்தாலும் என்னைச் சொல்லுங்க. என் பொண்ணு தங்கம்."

பையனின் அப்பா முகத்தை இரு கையாலும் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. 'போச்சு, எல்லாம் போச்சு' என்று ஸ்கேல் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சம்பந்தி" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "மறைக்குது."

சம்பந்தி! ஸ்கேலின் முதுகு அவர் வாழ்நாளில் முதல் முறையாகத் தளர்ந்தது. பக்கத்து நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார்.

"அப்போ... கோபம் இல்லையே? கல்யாணம்...?"

அதுவரை வாயே திறக்காத பையனின் அம்மா ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"போன தடவை இவர் ஒரு ஜோக் சொன்னதுக்கு நீங்க விளக்கம் கேட்டீங்களே, அதனால இந்த வீட்டுக்கு எங்க பையனைக் கொடுக்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் இன்னைக்கு வந்தோம்!"