பயோ அக்காவும் கதவுத் தட்டலும்

மலையடிவாரத்துக் குனோங் ராபாட்டில், செத்தவரைக்கூட முழுதாகச் சாக விடாத ஒரே ஆள் எங்கள் பயோ அக்காதான்.

வீட்டு முன்கூடத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்தவர், அதனால் 'பயோ'. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்களில் யாரும் பார்த்ததில்லை. எதிரே வருபவரிடம் நலம் விசாரிக்க மாட்டார். கைப்பைக்குள்ளிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடிப்பார். கண்பாப்பா சுருங்கினால், "ம்ம், நல்லா இருக்கீங்க" என்று போய்விடுவார்.

ஒருமுறை என் மனைவி ஐஸ் கட்டி வாங்க அவர் வீட்டுக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பா மூடியை எடுத்தால், உள்ளே வரிசையாக ஆட்டுக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த வாரப் பாடத்துக்காம். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் வாங்குவதே நின்றுபோனது.

சாவு வீட்டில் இன்னும் மோசம். பின்தெருவில் ஒருவர் இறந்தபோது, அழுதுகொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இதயம் நின்னா எல்லாம் ஒரேடியா நிக்காதுக்கா. தோல்ல உள்ள செல்லெல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்கு" என்றார். சுற்றியிருந்தவர்களுக்கு முதுகு சில்லிட்டது. அந்த அம்மாவோ அழுகையை நிறுத்திவிட்டு, கணவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெட்டியை மூடும்வரை விடவில்லை.

ஆனால் தெருவே அவரைப் பார்த்து மிரண்டது கிராணி விஷயத்தில்தான்.

மூலை வீட்டில் தனியாக இருந்தவர் கிராணி. ரப்பர்த் தோட்ட ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்ததால் அந்தப் பெயர். மகள் வீட்டுக்கென்று தைப்பிங் போயிருந்தார். ஒருநாள் காலை, அவர் அங்கேயே காலமாகிவிட்டதாகத் தெரு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பியிருந்தார்கள். மகளின் நம்பர் எவரிடமும் இல்லை. நாங்களும் ஆளுக்கொரு கும்பிடு படம் போட்டு அனுப்பி வைத்தோம்.

பிற்பகலில் மலை நிழல் தெருவில் இறங்கும் நேரம். பூட்டிக் கிடந்த மூலை வீட்டுக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. கிராணியின் இளைப்பு மூச்சு. உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி, வெளியே விடும்போது முனகல் மாதிரி. தெருவில் எல்லோருக்கும் பழகிய சத்தம். பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் பூசாரிக்குப் போன் போட்டுவிட்டார். நாய்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பயோ அக்கா பாடத்தைப் பாதியில் விட்டு வந்தார். ஜன்னலோரம் காதை வைத்துக் கேட்டார்.

"செத்தவங்க மூச்சு விட மாட்டாங்க லா. சுவாசம் இருக்கு. இனி தூண்டலுக்குத் துலங்குதான்னு, தட்டினா பதில் வருதான்னு பாக்கணும்."

துலங்கினால் நாங்கள் ஓடுவதாக இருந்தோம். அவர் வாசல் கதவைத் தட்டினார். மூச்சுச் சத்தம் நின்றது. பிறகு அதே கதவில், உள்பக்கத்திலிருந்து, மெதுவாக டொக் டொக் என்று பதில் வந்தது.

மணியம் அண்ணன் தெருவோரக் கால்வாயில் விழுந்தார். நான் கேட்டுக்கு வெளியே எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அக்கா மட்டும் நின்ற இடத்தில் நின்றார். "உயிர் இருக்கு. கடப்பாறை கொண்டாங்க" என்றார்.

கதவை உடைத்தோம். ஜன்னலடியில் கிராணி கிடந்தார். முதல்நாள் சாயங்காலம் கொட்டும் மழையில் பேருந்தில் திரும்பி வந்திருக்கிறார். உள்ளே பூட்டிக்கொண்டு, ஈரக் காலோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. கூப்பிடக் குரல் எழவில்லை. அக்கா டார்ச்சை அடித்தார். கண்பாப்பா சுருங்கியது.

கிராணி பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, நீங்கள் பதிலுக்குத் தட்டியதால்தான் தைரியமாக உடைத்தோம் என்று மணியம் அண்ணன் சொன்னார். கிராணி அவரை விநோதமாகப் பார்த்தார்.

"நான் எங்கப்பா தட்டுனேன்? கை ரெண்டும் உடம்புக்கு அடியில மாட்டிக்கிச்சு. கதவு அந்தக் கோடியிலதானே இருக்கு."

நாங்கள் எல்லோரும் பயோ அக்காவைப் பார்த்தோம். எதற்கும் விளக்கம் வைத்திருப்பவர் அவர்தானே.

"தெரியல அண்ணே," என்றார். "தெரியாதத தெரியும்னு சொல்லக்கூடாது." பிறகு கிராணியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

இந்த வருடம் பயோ அக்கா பத்து காஜா ஊருக்கு வீடு மாறிவிட்டார். எங்கள் தெருவில் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்க இப்போது ஆளில்லை. போன ஞாயிறு, அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாமலே காரை எடுத்துக்கொண்டு போனேன். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். டீ போட்டுக் கொடுத்தார். ஆறும்வரை உட்கார்ந்திருந்து, மெதுவாகக் குடித்துவிட்டு வந்தேன்.