பஞ்சு சுற்றி அனுப்ப வேண்டிய அத்தை

என் அக்காள் பெற்ற அருந்தவப் புதல்வியும், ஒரே ஒரு புகைப்படத்தால் ஒரு குடும்பத்தையே கவிழ்க்க வல்லவளுமான மருமகளுக்கு, மாமா எழுதும் அவசர, அந்தரங்க, படித்தவுடன் கிழித்துவிட வேண்டிய கடிதம்.

இங்கே நானும் உன் அத்தையும் என் பதினோரு பொம்மை வீடுகளும் சௌக்கியம். பதினொன்றுக்கும் கூரை இல்லை என்பதைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் தலைக்கு மேல் கூரையோடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் கூரியரில் அனுப்புகிறேன் என்று கேட்பாய். உன் அத்தையின் காது உனக்குத் தெரியாதா? மூன்று அறை தள்ளி நான் பசைக் குப்பியின் மூடியைத் திருகினால், "மேசையில சிந்தாதீங்க" என்று குரல் வருகிறது. நான் சொல்லப்போவது அந்தக் காதில் விழுந்தால், அப்புறம் நான் குடியிருக்க என் பதினோரு வீடுகளில் ஒன்றைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் பெரியதின் உயரமே இரண்டரை அடி.

செய்தி இதுதான். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள். உன் மாமாவுக்கு முதற்பரிசு! ஆமாம், எனக்கு! பள்ளிக்கூடத்தில் ஆறுதல் பரிசைக்கூட "ஆறுதலா இருப்பா" என்று வாயால் சொல்லி அனுப்பிய இந்த உலகம், அறுபத்து மூன்று வருடம் யோசித்துவிட்டு, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குத் தன் தவறைத் திருத்திக்கொண்டது. நல்லவேளை, உன் அத்தை காய்கறி வாங்கப் போயிருந்தாள். தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது நான் ஆடிய ஆட்டத்தில் அவர் பேனாவை விட்டுவிட்டே ஓடிப்போனார்.

போன மாதம் நீ வந்திருந்தபோது ஒரு படம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேசை மேல் என் ஒன்பதாவது வீடு நின்றது. வீடு என்று நாம் மரியாதைக்குச் சொல்கிறோம். உண்மையில் அது முகப்பு மட்டும்தான்: ஒரு பலகை, அதில் ஒரு கதவு, இரண்டு ஜன்னல். பின்னால் ஒன்றும் கிடையாது. நீ மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, "மாமா, தத்ரூபமா இருக்கு" என்று சொல்லிப் படம் பிடித்து, பொம்மை வீட்டுக்காரர்களுக்கென்று வருகிற அந்த மாதப் பத்திரிகையின் போட்டிக்கு என் பெயரில் தட்டிவிட்டாய். இப்போது அந்தப் பத்திரிகை ஆசிரியர் எனக்கு எழுதியிருப்பதை அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன். படிக்கும்போது எழுந்து நின்று படி.

"ஐயா, தங்கள் வீட்டின் முகப்பு சுமார் ரகம். கதவு கோணல். ஆனால் இடது ஜன்னல் வழியாக உள்ளே தெரிகிறாளே, பாத்திரம் துலக்கும் பெண், அவளைக் கண்டு எங்கள் நடுவர் குழு பேச்சிழந்து நின்றது. நெற்றியில் ஒட்டிய அந்த ஒற்றை முடிக்கற்றை! நீலப் பூப்போட்ட நைட்டியின் அந்தச் சுருக்கம்! எல்லாவற்றுக்கும் மேலாக அந்த முகத்தில் உள்ள சலிப்பு! இருபத்தாறு வருடமாக ஐந்தங்குல மனிதர்களைப் பார்த்துவருகிறேன், இப்படி ஒரு உலகத்தரமான சலிப்பை எந்தப் பொம்மையிலும் கண்டதில்லை. மனித உருவத்துக்கான முதற்பரிசு தங்களுக்கே. படம் எங்கள் இம்மாத இதழின் நடுப்பக்கத்தில் வெளியாகியுள்ளது. வரும் ஞாயிறு எங்கள் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காக, அந்தப் பெண்ணை மட்டும் பஞ்சு சுற்றி, ஓர் அட்டைப்பெட்டியில் பத்திரமாக அனுப்பிவைக்கவும்."

புரிகிறதா மருமகளே? புரியவில்லையென்றால் உன் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகப்புக்குப் பின்னால் வீடு இல்லாததால், இடது ஜன்னல் வழியே நம் வீட்டுச் சமையலறை தெரிகிறது. பதினைந்தடி தள்ளித் தொட்டியடியில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவள் உன் சொந்த அத்தை! தூரத்தில் நின்றதால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவுக்குக் கச்சிதமாகச் சுருங்கிப்போயிருக்கிறாள். சலிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. அன்று காலைதான் அவளுடைய வடிகட்டியை வெட்டிப் பொம்மை வீட்டு ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருந்தேன்.

உண்மையை எழுதிவிடலாமே என்பாய். எழுதலாம்தான். ஆனால் நீயே சொல், என் நிலவரம் என்ன? மூன்று மாடி மாளிகைக்குப் படிக்கட்டு இல்லை. மேல்மாடிக்காரர்கள் அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ரொட்டிக்கடையில் நாற்பத்திரண்டு ரொட்டி தயார், அடுப்பு இல்லை. புத்தகக்கடைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம் தைத்து அட்டை போட்டாயிற்று, அலமாரி இல்லை. பல் வைத்தியர் அறையில் நாற்காலி உண்டு, விளக்கு உண்டு, வாயைப் பிளந்த ஒரு நோயாளி உண்டு, வைத்தியர்தான் இல்லை. அந்த மனிதர் இரண்டு வருடமாக வாயை மூடாமல் காத்திருக்கிறார். "ஒன்னையாவது முடிச்சிட்டு அடுத்ததைத் தொடங்கக் கூடாதா?" என்று உன் அத்தை கேட்காத நாள் இல்லை. நான் என்ன செய்வேன்? ரொட்டிக்கு அடித்த வண்ணம் காய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் படைக்கப் பிறந்த கை சும்மா இருக்குமா? புத்தகம் தைக்கும். புத்தகத்தின் பசை காய்வதற்குள் பல் வைத்தியம் நினைவுக்கு வரும். இப்படி ஒன்று காய்வதற்குக் காத்திருந்து இன்னொன்று, இன்னொன்று காய்வதற்குக் காத்திருந்து மற்றொன்று என்று மேசை முழுக்க ஊராகி, நாங்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாகச் சமையலறையில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறோம். இந்த லட்சணத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரிசு, அதுவும் முதற்பரிசு, வாசலுக்கு வந்து கையெழுத்துக் கேட்கிறது. அதை எப்படியம்மா திருப்பி அனுப்புவது? சரி, இல்லாத பொம்மையைச் செய்துவிட்டால் அப்புறம் அது இருக்கிற பொம்மைதானே என்று திங்கட்கிழமை மாலையே களிமண்ணைப் பிசைந்துவிட்டேன்.

முகம் சரியாக வரவேண்டுமே. செவ்வாய்க்கிழமை காலை உன் அத்தை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, மெதுவாகப் பக்கத்தில் போய் அவள் மூக்குக்கு நேராக ஸ்கேலைப் பிடித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"ஒன்னுமில்ல. அழகா இருக்கியேன்னு பாத்தேன்."

"ஸ்கேல் வச்சா?"

"எவ்வளவு அழகுன்னு..."

"காலையில மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

போட்டுவிட்டேன் என்றேன். நம்பாமல் இன்னொன்றைக் கொடுத்து, விழுங்கும் வரை எதிரிலேயே நின்றாள். ஆனாலும் மூக்கின் நீளம் கிடைத்துவிட்டது. அன்று சாயந்திரத்துக்குள் முதல் பொம்மை தயார். கீழே இருக்கிற மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்தான் எனக்கு இடுக்கியும் பஞ்சும் கொடுக்கிறவர், கலை ரசனை உள்ளவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "சார், குத்துச்சண்டை வீரர் யாராவதுங்களா?" என்றார். இரண்டாவது பொம்மை ஈரமாக இருந்தவரை உன் அத்தையாகத்தான் இருந்தது. காய்ந்து சுருங்கியதும் நூற்றிருபது வயதாகிவிட்டது. மூன்றாவதற்கு நேரம் இல்லாததால் பல் வைத்தியர் அறையின் நோயாளியையே தூக்கி, மீசையை உப்புத்தாளால் தேய்த்து, முடி ஒட்டி, பெண்ணாக்கினேன். எல்லாம் பொருந்திவந்தது. வாயை மட்டும் மூட முடியவில்லை. பாத்திரம் துலக்குகிற பெண் வாயைப் பிளந்திருந்தால் என்ன, பாட்டுப் பாடுகிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உடைக்கு அதே நீலப் பூத் துணி வேண்டுமே! உன் அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்து, அவள் நைட்டியின் கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் கத்தரித்தேன். அவள் வந்து பார்த்தாள். "எலி!" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கீழே போய், எலி பிடிக்கிற பசை அட்டை ஐந்து வாங்கிவந்து, மேசைக்கு அடியில் ஒன்று, அலமாரிக்கு அடியில் ஒன்று என்று கண்ணிவெடி மாதிரி பரப்பிவிட்டாள். எலியோ நான், என்னிடமே, "பாத்து நடங்க, எலி கடிச்சுடப்போகுது" என்கிறாள்! நேற்று மத்தியானம் பொம்மைக்கு உடை உடுத்தி, இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க!" என்று ஒரு குரல். கை நழுவியது. நோயாளியாய்ப் பிறந்து உன் அத்தையாய் மாறிய அந்தப் பாக்கியசாலி நேராகப் பசை அட்டையில் குப்புற விழுந்தாள். பிடித்து இழுத்தேன். உடம்பு வந்தது. தலை வரவில்லை. தலையை விடுவிக்கப் போய் என் வலது காலும் அட்டையும் ஒன்றாகிவிட்டன. அரை மணி நேரம் அட்டையோடு டப் டப்பென்று நடந்து, உன் அத்தையிடம், "புதுச் செருப்பு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல சேதி. பாத்திரம் துலக்கப் பொம்மைக்கு ஒரு தொட்டியும் செய்திருந்தேன், அந்தத் தொட்டிக்குக் குண்டூசியை வளைத்து ஒரு குழாய் செய்தேன். அடடா, என்ன குழாய்! தண்ணீர் வராத குறைதான். அதைப் பார்த்த உடனே, இவ்வளவு அழகான குழாய்க்கு ஒரு குழாய்க்கடையே வைக்கலாமே என்று தோன்றிவிட்டது. பன்னிரண்டாவது வீட்டுக்குத் தரை போட்டாயிற்று. வண்ணம் காய்கிற நேரத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆகவே மருமகளே, நான் கேட்பது ஒரே ஒரு பொய். இன்று வியாழன். கடிதம் நாளை உன் கைக்கு வரும். வந்த உடனே ஆசிரியருக்கு நீ எழுது: அனுப்புவதற்காகப் பஞ்சு சுற்றிவைத்திருந்த பொம்மையைப் பூனை தூக்கிப்போய்விட்டது, மாமா துக்கத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார், பரிசை மட்டும் தபாலில் அனுப்பவும். என் கையெழுத்தில் போனால் அவருக்குச் சந்தேகம் வரும். நீ நல்ல பிள்ளை, நீ சொன்னால் நம்புவார்கள். உன் அத்தையிடம் மூச்சுவிடாதே. அவள் முகத்தின் சலிப்பு அந்தப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் முழு அளவில் வந்திருக்கிறது என்று தெரிந்தால், அடுத்து அவள் முகத்தில் வருவதை எந்தப் பத்திரிகையும் தாங்காது.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல். நீ பல்லாண்டு வாழ்ந்து, தொடங்கியதையெல்லாம் முடிக்கிற புத்தியோடு இருக்க வேண்டும். அது உன் அப்பா வழியில் உனக்கு வந்திருக்கும் என்று நம்பி ஆசீர்வதிக்கும்,
மாமா.

பின்குறிப்பு: பொய்யை எழுதாதே! எழுதத் தொடங்கியிருந்தால் பாதியில் நிறுத்து. நான் உறையை நாக்கால் நனைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன் அடித்தது. உன் அத்தை எடுத்துவிட்டாள். ஆசிரியர்! நான் கதவுக்குப் பின்னால் நாக்கில் உறையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"எந்தப் பொம்மைங்க? ... ஜன்னல்லயா? ... நீலப் பூவா?" நாற்காலியை நகர்த்துகிற சத்தம். "அந்த முகத்தைப் பத்தி என்னமோ சொன்னீங்களே, அதை மறுபடி படிங்க. ... இன்னொரு தடவை, மெதுவா."

மூன்று தடவை படிக்கவைத்தாள், மருமகளே. நான் எட்டிப் பார்த்தேன். சுவரில் இருக்கிற கண்ணாடியைப் பார்த்து, நெற்றி முடியை ஒதுக்கினாள்; அப்புறம் அதையே இழுத்துத் திரும்ப நெற்றியில் விட்டுக்கொண்டாள். "சார், பஞ்சு சுத்தி அனுப்பறதெல்லாம் சிரமம். நான் பஸ்ல வந்துக்கறேன். ... ஆமாங்க, அந்தப் பொம்மைதான் பேசறேன்."  பிறகு அந்தப் பக்கம் ஆசிரியர் சிரித்த சிரிப்பு கதவுக்குப் பின்னால் எனக்கே கேட்டது. பொம்மையே இல்லாதபோது பரிசு எப்படித் தருவது என்று கேட்டார் போலிருக்கிறது. அதற்கு உன் அத்தை சொன்ன பதிலை வரிக்கு வரி எழுதுகிறேன்: "அந்த மூஞ்சியில இருக்கற சலிப்பு அவர் கைவேலைதான் சார். முப்பத்தொரு வருஷ உழைப்பு. அவர் முழுசா செஞ்சு முடிச்சது அது ஒன்னுதான்."

பரிசு எனக்குத்தானாம்! ஆனால் மேடையேறி வாங்கப்போகிறவள் அவள். கண்காட்சியில் முகப்பை வைத்து, பதினைந்தடி தள்ளி ஒரு தொட்டியும் வைக்கிறார்கள். ஜன்னல் வழியே கூட்டம் வரிசையில் வந்து பார்க்கும். தொட்டியடியில் நிற்கப்போவது நான். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்துவிடு. இதை எழுதும்போது கை ஈரமாக இருப்பதால் மை கலைந்திருக்கும், பொறுத்துக்கொள். ஒத்திகை நடக்கிறது. உன் அத்தை மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, இடது ஜன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்து என்னைப் பார்க்கிறாள். "பத்தலைங்க, இன்னும் சந்தோஷமாத்தான் தெரியறீங்க" என்கிறாள். சொல்லிவிட்டு இன்னும் நான்கு பாத்திரம் எடுத்துவரப் போயிருக்கிறாள்.