காணிக்கைப் பாட்டுக்கு நான் எழுதிய புரோகிராம்

ஜெனி, ரோஷி, இதை நீங்களே வாசியுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை. அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் இடைக்கிடை நிறுத்தித் தன் பங்கையும் சேர்ப்பார். (சேர்க்க அவவிட்ட நிறைய இருக்கு.)

ஊரில் ஓ.எல். சோதனை வரைக்கும் படித்துவிட்டு, இங்கே சென்ட் லோரன்ட்டில் ஒரு களஞ்சியத்தில் மருந்துப் பெட்டி அடுக்குகிற ஒருவன், எண்ணூறு பக்கப் புத்தகத்தில் நூறு பக்கம் வாசித்தால், மிச்ச எழுநூறும் தெரிந்த மாதிரித்தான் நடப்பான். நான் நடந்தேன்.

லினக்ஸ் என்றொரு இயங்குதளம் இருக்கிறது. யாரும் சும்மா எடுத்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். அதற்கு அடிமட்டத்தில் புரோகிராம் எழுதுவது எப்படி என்று சொல்கிற புத்தகம் அது. நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் மடியில் வைத்து வாசிப்பேன். கூட வேலை செய்தவர்கள் வேதாகமம் என்று நினைத்து, எனக்குப் பக்கத்தில் கெட்ட வார்த்தை பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிரதி எடுக்கலாமாம். எடுத்தது தகப்பன், வந்தது பிள்ளை. பிள்ளை வேலையை முடித்ததும் வெளியேற வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அதுவும் தகப்பன் செய்ததையே செய்யும். அதற்கும் பிள்ளைகள் வரும். இரண்டு பிள்ளைகளின் தகப்பனான எனக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த வசந்தத்தில்தான் ஜெனி முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல்நன்மை. எங்கள் கோயில் தமிழ்ப் பூசையில் பாட்டெல்லாம் திரையில்தான் வரும், தமிழ்ச் சொல்லைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி. தமிழ் எழுத்து அப்போது உங்களில் ஒருவருக்கும் ஓடாது அல்லவா? தயா அண்ணை பல வருடமாக லப்டொப்பில் ஒவ்வொரு சரணமாகத் தட்டிவிடுவார். ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

"அண்ணை, இந்த முறை நான் செய்யிறன். சொந்தமா ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறன். தட்டவே தேவையில்லை, நேரத்துக்குத் தானா மாறும்."

"இப்ப இருக்கிறதுக்கு என்ன குறை?"

"குறை இல்லை. இது அடிமட்டத்தில ஓடும்."

"அடிமட்டத்தில ஓடி என்னத்துக்கு, ஐசே? சனம் மேலதானே பாக்கும்."

அம்மாவும் சொன்னார்: "இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர நாளில உங்கட சோதனையை வைக்காதேங்கோ." சோதனையெல்லாம் முடிந்துவிட்டது என்றேன். முடிந்ததுதான், ஒரே ஒரு சரணத்தை வைத்து. அழகாக வந்து, அழகாக மறைந்தது.

காணிக்கைப் பாட்டுக்கு ஐந்து சரணம்; ஒவ்வொன்றையும் திரையில் காட்டப் புரோகிராம் ஒரு பிள்ளையைப் பெறும். இரண்டாவதை ஜெனி தனியாகப் பாட வேண்டும். வெள்ளைச் சட்டையோடு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். முதலாம் சரணத்தை எல்லோரும் பாடி முடித்தார்கள். இரண்டாவது வர வேண்டிய இடத்தில் இரண்டு சரணங்கள் வந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக. பிறகு நான்கு. பிறகு எட்டு. வெளியேறச் சொல்கிற அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் ஒன்றும் வெளியேறவில்லை. எல்லாம் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தன. இடப்பக்க வாங்குகளில் இருந்தவர்கள் நான்காம் சரணத்தைப் பாடினார்கள், வலப்பக்கம் மூன்றாவது. அம்மாவின் மடியில் இருந்த ரோஷி சத்தமாக எண்ணினாள், பிரெஞ்சில்.

மின்வயரை இழுத்தேன். லப்டொப்பில் பற்றரி இருந்தது. அது தன் பாட்டுக்குப் பெற்றுக்கொண்டே இருந்தது. கடைசியில் தயா அண்ணை எழும்பிப் போய்ப் புரொஜெக்டரைப் பிடுங்கினார். திரை வெள்ளையானது. பாட்டு நின்றது.

ஜெனி என்னைப் பார்த்தாள். அவளுடைய சரணத்தின் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் போதும், மிச்சம் அவளுக்கு வரும். நான் வாயைத் திறந்தேன். பத்து வருடமாக அந்தப் பாட்டைப் பாடுகிறேன். திரையைப் பார்த்துத்தான் நானும் பாடியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. வாயை மூடி, இன்னொரு தரம் திறந்து பார்த்தேன்.

அவள் ஒலிவாங்கிப் பக்கம் திரும்பினாள். பிறகு முதலாம் சரணத்தையே தொடங்கினாள். சனம் சேர்ந்துகொண்டது. காணிக்கை எடுத்து முடிய அதே சரணம் மூன்று தரம் போனது. பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தல் வாசித்துவிட்டுச் சொன்னார்: "முதலாம் சரணம் இண்டைக்கு எல்லாருக்கும் பாடமாயிருக்கும். கடவுளுக்கும்."

காரில் லவாலுக்கு வீடு திரும்பினோம். பாலம் தாண்டியதும் ஜெனி கேட்டாள்: "அப்பா, ஏன் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினீங்கள்?"

"வரி மறந்துபோச்சு, பிள்ளை."

"ரெண்டாவது என்ர சரணம். ஒரு மாசமா பாடினனான். வீட்டில நீங்கள் கேக்கேல்லையா?"

நான் பக்கத்து அறையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன், பிள்ளை. கேட்கவில்லை.

புரோகிராமின் பிள்ளைகள் பெருகிய கதையை உங்களுக்குச் சொன்னதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் எதைத் திருத்தக் கையில் எடுத்தாலும், அது பாண் வாட்டுகிற ரோஸ்டராக இருந்தாலும், ரோஷி சொல்வாள்: "அம்மா, எல்லாரும் தள்ளி நில்லுங்கோ, அப்பா பிள்ளை பெறப் போறார்." விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்வது அம்மாவின் வேலை. அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் திரையில் சரணங்கள் கூடிக்கொண்டே போகின்றன. போன நத்தார்ப் பண்டிகைக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

உங்களுக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்தப் பூசைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. கோயிலுக்குப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. ஆனாலும் இரண்டு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். ஜெனி நின்ற இடத்தில் போய் நின்று, கையில் தாள் ஒன்றும் இல்லாமல் இரண்டாம் சரணத்தைத் தொடங்கினேன். மூன்றாம் வரியில் நின்றது. முதலிலிருந்து தொடங்கினேன்.