தலையாட்டிய ஜெர்மன்காரர்

அன்பும் மரியாதையும் நிறைந்த வெனெத்தா அக்காவுக்கு,

விதீன் நகரிலிருந்து உன் தம்பி ஓக்னியான் வணங்கி எழுதுவது. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். போனில் சொல்ல வெட்கமாயிருக்கிறது, அதனால்தான் கடிதம். நூரன்பெர்க்கில் நெவேனாவுக்காக நீ பார்த்து வைத்த அறையை வேண்டாமென்று சொல்லிவிடு. என் மகளின் ஜெர்மனிப் படிப்பை நானே கெடுத்துவிட்டேன்.

அவள் அம்மா இறந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஐந்து வருடமாகப் பள்ளியில் அவளுக்கு வரலாறும் ஜெர்மனில், தவளையை அறுப்பதும் ஜெர்மனில், வீட்டுக்கு வந்தால் என்னைத் திட்டுவதும் ஜெர்மனில், கேட்டால் பேச்சுப் பயிற்சி என்பாள். அந்தப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் அங்கே பல்கலைக்கழகம். தேர்வன்று காலையில் காரியம் கைகூடட்டுமென்று நம் வழக்கப்படி வாசலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தேன், கை தாராளமாகிவிட்டது, அவள் ஷூ இரண்டும் தெப்பலாக நனைந்தன. "அப்பா, நான் பரீட்சைக்குப் போறேன், மீன் பிடிக்க இல்ல!" என்று கத்திவிட்டு என் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் வீட்டுச் செருப்போடு பின்னாலேயே போனேன்.

தேர்வறைக் கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே நெவேனா, கோஸ்தோவா டீச்சர், ஜெர்மனியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி. ஆட்கள் வெளிநாடு போய்விட நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றித்தான் அவள் பேச்சு, வீட்டில் ஒப்பித்துக் காட்டியிருந்தாள். அவள் பேசப் பேச அந்த மனிதர் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார். நம் பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் இல்லை, நடக்காது என்று அர்த்தம். ஜெர்மனியில் இத்தனை வருடம் இருந்து நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன் அக்கா, முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிள்ளை என்னோடேயே இருந்துவிடுவாள் என்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஆசை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தாள். என் சந்தோஷம் எனக்கே அசிங்கமாகிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"சார், இவ போயிட்டா எனக்குன்னு யாருமே இல்ல சார். ஆனாலும் போகட்டும் சார். இத்தனை தடவை இல்ல இல்லன்னு சொல்லாதீங்க!"

டீச்சர் எழுந்தே விட்டார். "ஐயோ ஓக்னியான், அவங்க ஊர்ல அப்படி ஆட்டினா சரின்னு அர்த்தம்! மொதல்ல வெளிய போங்க!"

அதிகாரி நெவேனாவிடம் ஏதோ கேட்டார். அவள் தன் காலில் கிடந்த என் ஷூவைப் பார்த்தபடியே ஜெர்மனில் இரண்டு வார்த்தை சொன்னாள். தேர்வறையில் வெளியாள் நுழைந்தால் தேர்வே செல்லாது என்று பள்ளி வாயிற்காவலர் சொல்கிறார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஜெர்மன் திட்டும் கிடையாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் சார்பில் ஆளுக்கொரு முத்தம் கொடு. நீங்கள் எல்லோரும் நூறாண்டு நன்றாயிருக்க வேண்டும்.

உன் தம்பி,
ஓக்னியான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் போன் செய்தார். நான் நுழைவதற்கு முன்பே தேர்வு முடிந்துவிட்டதாம், அதன்பிறகும் அவர்தான் நம் ஊரைப் பற்றி ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நெவேனாவுக்கு முழு மதிப்பெண். மேலே எழுதியதெல்லாம் ரத்து, அறையை விட்டுவிடாதே, வெயில் வருகிற அறையா என்று மட்டும் பார்.

"அந்த மனுஷன்கிட்ட என்னதான் சொன்ன?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான் போகலாம்னு அப்பா சொல்றார்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேனே?"

"அதுக்கு எனக்கு ஜெர்மன்ல வார்த்தை வரலப்பா."

முழு மதிப்பெண் வாங்கியவள் சொல்கிறாள், அக்கா.