மார்பில் குத்திய தலைவர்

டவாலி என்ற சொல் எங்கிருந்து வந்தது? எல்லைப் போராட்ட நாட்களில் என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். பிறகுதான் தெரிந்தது: பாரசீகத்தில் அது வெறும் தோல்வார். தாலுகாக் கச்சேரிச் சேவகனின் மார்பில் குறுக்காக ஏறி, பித்தளை வில்லையைச் சுமந்ததும் பதவிச் சின்னமானது. கடைசியில் அதை அணிந்த ஆளையே டவாலி என்று கூப்பிட்டார்கள். வார் மிஞ்சியது, ஆள் காணாமல் போனார்.

சின்னத்துக்குள் காணாமல் போகும் அந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாறசாலைப் பகுதியில் அதற்குப் பொன்னம்பலம் என்று பெயர். எல்லைக் கமிட்டித் தலைவர். குளித்ததும் திருநீற்றுக்கு முன்னால் பேட்ஜ் குத்துவார். அது மறையாதபடி துண்டை வலத்தோளுக்கு மாற்றுவார். வெள்ளறடை பஸ்ஸில் அது வெளியே தெரியும்படி ஜன்னலோரம் உட்காருவார். கிணற்றடிக்குத் தண்ணீர் இறைக்கப் போகும்போது மட்டும் கழற்றிவிடுவார். "தலைவருக்கு வெள்ளம் கோர நேரம் உண்டா?" என்பாள் மனைவி உமையம்மாள்.

உதியன்குளங்கரைக் கூட்டத்துக்கு நாகர்கோவிலிலிருந்து பேச்சாளர் வருவதாக இருந்தது. இங்குள்ள தமிழர்கள் தமிழகத்தோடு சேர விரும்புகிறார்களா, இல்லையா என்று திரளும் ஆட்களைப் பார்த்துத்தான் மேலிடத்துக்கு எழுதுவார். பொன்னம்பலம் வீடுவீடாக ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் சிவதாணு முறைத்தார்.

"என் மச்சினன் துணைத் தலைவர். நான் வெறும் தொண்டனா?"

அவரும் துணைத் தலைவரானார். சங்கதி பரவியது. கொடிப் பொறுப்பாளர், விளக்குப் பொறுப்பாளர், சோடாச் செயலாளர் என்று வரச் சம்மதித்த முப்பத்தொரு பேருக்கும் பேட்ஜ் வந்தது. முப்பத்தொரு பேரும் மேடையேறினார்கள். மேடை நெளிந்தது.

பேச்சாளர் கீழே பார்த்தார். மரச்சீனிக் கிழங்கு விற்கும் கிருஷ்ணம்மா மட்டும் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பொதுசனம் எங்கே?"

"நான் உண்டுல்லா," என்றாள் கிருஷ்ணம்மா. "சீக்கிரம் பேசும். சந்தைக்குப் போணும்."

பொன்னம்பலம் கணக்குப் போட்டார். இவளும் எழுந்து போனால் தாலுகாவே கைநழுவிப் போனது போலத்தான். அவளைப் பிடித்து நிறுத்த என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். இறங்கி ஓடி, அவள் கையில் ஒரு பேட்ஜைக் கொடுத்து, "இனி நீதான் பொதுசனத் தலைவி ஆக்கும்," என்றார்.

கிருஷ்ணம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேலையில் குத்திக்கொண்டாள். பிறகு மேடையேறி, நாற்காலி கேட்டாள்.

பேச்சாளர் கீழே தனித்திருந்த மரச்சீனிக் கூடையை நோக்கி, "பெரியோர்களே, தாய்மார்களே," என்று தொடங்கினார்.

சிரிக்கிறீர்களா? முதலில் உங்கள் சட்டையில் பேட்ஜ் குத்திய ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள். இருந்தாலும் சொல்லுங்கள், ஆனால் மேடையேறாமல் கீழே உட்கார்ந்து சொல்லுங்கள்.